பாதியில் விடத் தெரியாத அக்கா

நான் பழகிய மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் அந்த அக்காதான். லிஃப்டில் ஏறமாட்டார். எத்தனை மாடியானாலும் மூச்சு வாங்கப் படியேறி வருவார். பினாங்குப் பாலத்தில் காடி ஓட்டமாட்டார். கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரமாட்டார். காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பிப் போவார். பார்த்துவிட்டு வந்ததும், பார்த்ததைச் சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் போவார். இதையெல்லாம் அவரே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். நாங்கள் சேர்ந்து எழுத இருந்த பரீட்சை நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதை யாராவது படித்துக் காட்டினால், ஏதாவது வம்பு வருமோ என்று அதற்கும் பயப்படுவார். இப்போது குடும்பத்தோடு ஜோகூர் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. தொலைபேசி எண் மாறிவிட்டது.

நாங்கள் மூன்று பேர். நான் அப்போது பாயான் பாருவில் குடியிருந்து, பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கதிர், பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். அக்கா, நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் ஆபிஸில் கிளர்க். மூன்று பேருமே வேலைக்குப் போய்க்கொண்டே சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். ஆனால் எங்களுடையதைப் போன்ற பட்டத்தை வைத்துக்கொண்டு நேரே கோர்ட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. இன்னொரு தகுதித் தேர்வு இருக்கிறது. எல்லாமே கட்டுரைப் பதில்கள். ஒரு தாளுக்கு மூன்று மணி நேரம், ஐந்து கேள்விகள். குறிப்பிட்ட தடவைக்கு மேல் எழுதவும் விடமாட்டார்கள். கதிருக்கு அது முதல் தடவை. எனக்கு இரண்டாவது. அக்காவுக்குக் கடைசி. அதிலும் விழுந்தால் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓய்வு பெறும்வரை அடுத்தவர்களின் மனுக்களைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமைகளில் சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். மதியக் கூட்டம் வடிந்தபிறகு பின்பக்க மேசையை எங்களுக்கு விட்டுவிடுவார்கள். முதல் நாள் நான் என் பாடப்புத்தகத்தை மேசைமேல் பெருமையாக விரித்து வைத்தேன். முக்கியமான வரிக்கு மஞ்சள், வழக்கின் பெயருக்குப் பச்சை, விதிவிலக்குக்கு ரோஜா நிறம் என்று பக்கம் முழுக்கக் கோடு போட்டிருந்தேன். அக்கா தலையில் சுற்றியிருந்த துடோங்கைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, கலியாணப் பந்தலா?"

"மூணு தடவ படிச்சிருக்கேன் அக்கா."

"அப்ப புத்தகம் எதுக்கு? இங்க குடு."

வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் தன் கைப்பையை வைத்தார். "இப்ப சொல்லு. ஒருத்தன் விலைக்குச் சரின்னு லெட்டர் எழுதி போஸ்ட்ல போட்டுட்டான். லெட்டர் வழியில காணாமப் போச்சு. ஒப்பந்தம் இருக்கா, இல்லையா?"

அந்தப் பக்கம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. இடது பக்கம், மேலே, பச்சைக் கோடு. ஆனால் கோட்டுக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்பது வரவில்லை. பரீட்சை மண்டபத்தில் முதல் தடவையும் எனக்கு இப்படித்தான் ஆனது.

"தெரியும் அக்கா. வாய்ல வரமாட்டேங்குது."

"வாய்ல வராதது பேனாவுல வருமா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திரும்பத் திரும்பப் படிச்சா, தெரிஞ்ச மாதிரியே இருக்கும்லா. பாசார்ல தினம் பாக்குற ஆளு மாதிரி. பேரு என்னன்னு கேட்டா முழிப்போம். மூடி வச்சிட்டுச் சொல்லிப் பாரு. எங்க திக்குதோ அங்க மட்டும் தொறந்து பாரு. மத்த இடத்துல கலர் அடிக்காத."

அன்றிலிருந்து மூடிவைத்துச் சொல்வதுதான் எங்கள் படிப்பு. அக்கா வந்து உட்கார்ந்ததும் குடிக்க ஒரு தே தாரிக் டீ சொல்லிவிட்டு, "இன்னைக்கு யாருக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்பார். நலம் விசாரிப்பதே அதுதான். எனக்கு நிலச் சட்டம் என்றால் அன்றைக்கு நிலச் சட்டம்தான். பிடித்த பாடத்தைப் படிக்க ஆசைப்பட்டால் விடமாட்டார். "அது ஒனக்கு வரும். வர்றதையே படிச்சிக்கிட்டிருந்தா நல்லாத்தான் இருக்கும். கேக்குறவன் வராததத்தான் கேப்பான்." லிஃப்டுக்கும் மின்விசிறிக்கும் ஒதுங்கிப் போகிற பெண், பாடத்தில் மட்டும் எது பயமுறுத்துகிறதோ அதைத் தேடிப்போய் முதலில் தொடுவார். இது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் அச்சமாகவும் இருந்தது.

பழைய வினாத்தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுக்கவேண்டும். எடுத்தவர் பத்து நிமிஷத்துக்குள் பதிலின் எலும்புக்கூட்டை மட்டும் எழுதிக் காட்டவேண்டும். என்ன பிரச்சினை, எந்தச் சட்டம், இந்த ஆளுக்கு அது எப்படிப் பொருந்தும், கடைசியில் என்ன சொல்லப் போகிறோம். அந்த டின்னுக்குள் கையை விடும்போதெல்லாம் உள்ளே ஏதோ கடிக்கப்போவது போல இருக்கும்.

கதிருக்கு இந்த வழி பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பரீட்சைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேள்வி வரும் என்று 'ஸ்பாட்' செய்வது. போன வருஷம் வந்தது இந்த வருஷம் வராது, அதற்கு முந்தின வருஷம் வந்தது வரும் என்று கணக்குப் போட்டு, வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். அதில் உள்ள தலைப்புகளுக்கு மட்டும் மாதிரிப் பதிலை மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். கதிர் அதில் மன்னன். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கட்டாயம் வரும் என்று அடித்துச் சொன்னான்.

அக்கா வாதாடவில்லை. அடுத்த சனிக்கிழமை அவனுக்கென்றே ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வந்தார். திருடிய ஒருவன் தன் மச்சானிடம் அதைச் சொல்லிவிடுகிறான், அது சாட்சியமாக நிற்குமா என்று கேள்வி. 'வாக்குமூலம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே கதிரின் பேனா ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு பதிலுக்கு உண்டான முப்பத்தைந்து நிமிஷமும் தலை நிமிரவில்லை. அக்கா வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க தம்பி. கேஸ் எல்லாம் சரி. ஒன்னே ஒன்னு கேக்குறேன். இந்தக் கதையில போலீஸ் எங்க இருக்கான்?"

கதிர் கேள்வியைத் திரும்ப எடுத்துப் படித்தான். மேலிருந்து கீழே படித்தான். இல்லை. அவன் எழுதிய மூன்று பக்கத்திலும் வரிக்கு வரி போலீஸ் இருந்தான். கேள்வியில் ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லை. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். கதிரும் சிரித்துவிட்டு, "பரீட்சை ஹாலா இருந்தா செத்தேன் அக்கா" என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பல வாரம் கழித்துத்தான் ஒன்று என் கண்ணில் பட்டது. அக்கா கேள்வி போடுவார். எலும்புக்கூடு எழுதுவார். எங்கள் பதிலைத் திருத்துவார். தொலைபேசியில் நேரம் வைத்து, 'போதும், வை' என்பார். ஆனால் முழுப் பதிலாக, கடிகாரத்தை வைத்து, அவர் ஒன்றுகூட எழுதியதில்லை. எல்லாருக்கும் எது பயமோ அதை முதலில் தொடச் சொன்னவர், தன்னுடையதைத் தொடவே இல்லை. சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் பெரிய போராட்டம். எங்களைவிட எவ்வளவோ தெரிந்தவர், வயதில் மூத்தவர், கடைசித் தடவை எழுதப் போகிறவர். அவரைக் கலைத்துவிட்டால் என்ன ஆவது என்று நடுங்கினேன். ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"இன்னைக்கு நீங்க எழுதுங்க அக்கா. நான் டைம் பாக்குறேன்."

"எனக்குத்தான் தெரியுமேலா. எதுக்கு எழுதிக்கிட்டு?"

"ஒரே ஒரு கேள்வி."

அவர் தே தாரிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். டீயின்மேல் பாலாடை படிந்துவிட்டது. பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மொத கேள்வி நல்லாத்தான் எழுதுவேன். முடிச்ச ஒடனே எதையோ விட்டுட்டோம்னு தோணும். ஒரு வரி சேப்பேன். அப்புறம் இன்னொன்னு. அந்தக் கேஸ் பேரு சரியான்னு யோசிப்பேன். நிமிந்து பாத்தா பாதி நேரம் போயிருக்கும். ரெண்டாவதும் அப்படியே. எந்தத் தடவையும் அஞ்சு கேள்விய நான் தொட்டதே இல்ல. தெரியாம பெயிலாகல தங்கச்சி. விட்டுட்டுப் போகத் தெரியாம பெயிலானேன். மூணு கேள்விய தங்கத்துல எழுதுனாலும் பாஸ் போட மாட்டான்."

அடுப்பைப் பார்க்கத் திரும்பிப் போகிற கதையைக் கேட்டு இத்தனை நாள் சிரித்தோமே என்று வருத்தமாக இருந்தது.

கதிர்தான் பேசினான். "ஒரு பதில்ல மொத பாதி மார்க் சுலபமா வந்துரும் அக்கா. கடைசி ரெண்டு மார்க்குக்குத்தான் உயிர் போகும். அந்த ரெண்டுக்காக நீங்க இங்க உக்காந்திருக்கீங்க. பக்கத்து கேள்வியில பத்து மார்க் சும்மா கெடக்கு."

"புத்திக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குதே."

அப்படியானால் கையைப் பழக்குவோம் என்று முடிவு செய்தோம். நேரம் ஆனதும் நான் தாளைப் பிடுங்கவேண்டும், வாக்கியம் எங்கே நின்றாலும் சரி. முதல் நாள் நான் இழுத்தபோது அவர் விடவில்லை. தாள் இரண்டாகக் கிழிந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், அதுவரை நான் அறிந்த அக்கா இல்லை. நெற்றியெல்லாம் வியர்வை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. செய்திக்கும் பதில் இல்லை. நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை வந்தார். வந்து, உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "புடுங்கு" என்றார்.

பிடுங்கினேன். வாராவாரம் பிடுங்கினேன். கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது ஒரு சின்ன உபாயம்தான். அதையும் அவரேதான் கண்டுபிடித்தார். ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அரைப் பக்கம் காலியாக விட்டுவிடுவது. "இங்க திரும்பி வரலாம்" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவார். திரும்பி வர நேரம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் இடம் இருக்கிறது என்ற நினைப்பு போதுமாக இருந்தது. பரீட்சைக்கு முந்திய வாரம், ஐந்து பதிலையும் மூன்று மணி நேரத்தில் ஒருமுறை எழுதி முடித்தார். ஒருமுறைதான்.

பரீட்சையில் சாட்சியச் சட்டத் தாளன்று எனக்கு இரண்டு வரிசை முன்னால், சற்று இடப்பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகும் எழுதும் கையும் எனக்குத் தெரிந்தன. வினாத்தாளைத் திறந்தேன். வாக்குமூலக் கேள்வியே வரவில்லை. கதிர் எங்கே இருக்கிறான் என்று திரும்பிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது. நான் எலும்புக்கூட்டைப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினேன். முதல் பதில் முடிந்து, நேரத்தைப் பார்த்து, இரண்டாவதற்குப் பக்கத்தைத் திருப்பியபோது நிமிர்ந்தேன். அக்கா இன்னும் முதல் பக்கங்களிலேயே இருந்தார். தாளின் மேற்பகுதிக்குத் திரும்பிப் போய் எதையோ இடுக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அடுத்த வரியில் இன்னொன்று. கடிகார முள் நகர்ந்துகொண்டே இருந்தது. என் பேனா நின்றுவிட்டது. எழுந்துபோய் அந்தத் தாளைப் பிடுங்கவேண்டும் போலக் கை பரபரத்தது. கண்காணிப்பாளர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். ஒரு இருமல் இருமினால்கூட வேறு ஏதோ சைகை என்று நினைத்துவிடுவார்களோ என்று மூச்சையே அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்து ஒரு முதுகைப் பார்த்ததில்லை. என் நேரமும் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், சேட்டை செய்யும் பிள்ளையை இழுத்து உட்கார வைப்பது போல. இடது கையால் பக்கத்தைத் திருப்பினார்.

அதன்பிறகு நான் பார்க்கவில்லை. இழந்த நிமிஷங்களைப் பிடிக்க ஓடவேண்டியிருந்தது. ஐந்தாவது பதிலை என்ன எழுதினேன் என்றே தெரியாமல் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்தபோது அக்கா படிக்கட்டில் விறுவிறுவென்று இறங்கிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவர் சட்டம். "வெளிய பேசுனா உள்ள எழுதுனது மாறுமா? நாளைக்கு இருக்குற பேப்பருக்குத்தான் கேடு." ஐந்தையும் தொட்டாரா இல்லையா என்று கேட்கவே முடியவில்லை.

கடைசித் தாள் முடிந்த அன்று தன் பதிவு எண்ணை எனக்கு அனுப்பினார். "ரிசல்ட் நான் பாக்க மாட்டேன். நீ பாத்துட்டு நேர்ல வந்து சொல்லு. போன் பண்ணாத." முடிவுக்குக் காத்திருந்த அந்தச் சில மாதங்களில் எனக்குத் தொலைபேசி ஒலித்தாலே பயம்.

முடிவு வந்த நாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு இணையத்தில் பார்த்தேன். நான் தேறியிருந்தேன். அக்காவின் எண்ணை இட்டேன். தேர்ச்சி. நல்ல சேதி சொல்லப் போகிறவளுக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். எண்ணைத் தப்பாக இட்டிருந்தால்? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி இட்டுப் பார்த்தேன். ஜார்ஜ் டவுனில் இறங்கி, வெயிலில் ஒதுங்கி நின்று இன்னொருமுறை பார்த்தேன். அக்கா வேலை செய்யும் ஆபிஸ் படிக்கட்டில் மறுபடியும் ஒருமுறை. அக்காவின் வியாதி எனக்குத் தொற்றிக்கொண்டிருந்தது. போய்ச் சேரும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முன்னறையில் அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். யாருடைய பிரமாணப் பத்திரமோ. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நுழைவதைப் பார்த்தார். முகம் வெளுத்தது. இடது கையைத் தூக்கி என்னைத் தடுத்தார்.

"சொல்லாத. இத முடிச்சிர்றேன்."

நான் நின்றேன். சாவிகள் ஓடின. ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்கியது. என் அழுகையைப் பார்த்து அவர் என்ன நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. சொல்லவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. "அக்கா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு ஒரு சொல்லின் நடுவில் விரல்கள் நின்றன. திரையில் பாதி வாக்கியம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"சொல்லு."

"பாஸ் அக்கா. எல்லாப் பேப்பரும்."

அவர் சிரிக்கவில்லை. "நீ?" என்றார். "நானும்." "கதிரு?" அவன் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தான். சாட்சியச் சட்டத்தில் விழுந்துவிட்டான். சொன்னேன். "அவனுக்கு இன்னும் சான்ஸ் இருக்கு" என்றார் மெதுவாக. "எனக்குத்தான் இல்லாம இருந்துச்சு." கையை எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது.

உள் அறையிலிருந்து வக்கீல் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிரமாணப் பத்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்காவைவிடப் பல வயது இளையவர், ஒரு காலத்தில் இதே பரீட்சையை அக்காவோடு ஒரே மண்டபத்தில் எழுதியவர். அக்கா பழக்கத்தில் எழுந்து, "இதோ வரேன் சார்" என்றார். சொன்ன பிறகு அப்படியே நின்றுவிட்டார். பரீட்சைக்கு உள்ளே போகுமுன் மண்டப வாசலில் நான் பார்த்த அதே பயந்த முகம். என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"தங்கச்சி," என்றார், உள்ளே கேட்டுவிடாத குரலில், "இனிமே இவர நான் என்னன்னு கூப்பிடணும்?"